பானுமதி அம்மா படம் எதுலருந்து ஆரம்பிக்கலாம்? கண்ணு தெரியாத அப்பத்தாவுக்குக் கேக்க மட்டும்

வைகைக்கரை_செல்வி:
எல்லாருக்கும் வணக்கம். எங்க அப்பத்தாவுக்கு 86 வயசு. போன வருஷம் இடுப்பு எலும்பு உடைஞ்சதுலருந்து கட்டிலோட சரி, கண்ணுல புரை முத்திப்போய் ஆள் நிழலாத்தான் தெரியும். அதனால டிவி போட்டாலும் பிரயோஜனம் இல்ல, பாட்டுதான் துணை. ராத்திரி தூக்கம் வரலன்னா என் போனை வாங்கி காதுக்குப் பக்கத்துல தலகாணில சாத்தி வச்சுக்கும், பாட்டு முடிஞ்சு விளம்பரம் வந்தா கையால தடவித் தடவி என்னைத் தேடும், எந்திரிச்சு மாத்திக் குடுத்துட்டுப் படுப்பேன்.

இப்போ ஒரு மாசமா ஒரே பேச்சு, "அந்தத் திமிர் புடிச்சவ பாட்டைப் போடு ஆத்தா"ன்னு. யாரு அப்பத்தான்னு கேட்டா பானுமதியாம். திட்டுற மாதிரி சொல்லல, நம்ம வீட்டுப் பொண்ணு பரீட்சைல பாஸானா சொல்லுவோமே அந்த மாதிரி சொல்லுது. கல்யாணம் ஆன புதுசுல டூரிங் கொட்டகைல மண்ணக் குமிச்சு உக்காந்து 'மதுரை வீரன்' பாத்துச்சாம், அதுல பொம்மியா வந்தவங்கன்னு சொல்லுது.

எனக்கு சாவித்திரி தெரியும், பத்மினி தெரியும், சரோஜாதேவி தெரியும். பானுமதின்னா 'செம்பருத்தி'ல பிரசாந்துக்குப் பாட்டியா வந்தவங்கன்னு மட்டும்தான் தெரியும். அதனால கேக்குறேன், அவங்க பாட்டெல்லாம் அவங்களே பாடினதா? 'நாடோடி மன்னன்'ல ஏன் பாதியிலயே செத்துப் போறாங்க? சாவித்திரி பத்தி இவ்வளவு பேசுறவங்க இவங்கள ஏன் பேச மாட்டேங்கிறாங்க? எல்லாத்துக்கும் மேல, பாக்காம காதால மட்டும் கேட்டாலே கதை புரியற மாதிரி அவங்க படம் எது இருக்கு? சொன்னீங்கன்னா அப்பத்தா பக்கத்துல உக்காந்து நானும் கேப்பேன்.

கேசட்காலம்:
செல்வி, உங்க அப்பத்தாவுக்கு முதல்ல என் வணக்கத்தச் சொல்லிடுங்க.

அவங்களே பாடினதுதான். அதுதான் பானுமதி. 50கள்ல பின்னணி பாடுறது நல்லா ஊனிருச்சு, ஹீரோயின்னா வாயசைக்கணும், குரல் பி.லீலாவோ ஜிக்கியோ சுசீலாவோ குடுப்பாங்க, அதுதான் வழக்கம். அந்த நேரத்துல உச்சத்துல இருந்த ஒரு நடிகை தன் பாட்டைத் தானே பாடிக்கிட்டு அதுவும் தமிழ்ல தெலுங்குல ரெண்டுலயும் கொடிகட்டிப் பறந்தாங்கன்னா அது இவங்கதான். சின்ன வயசுலயே அப்பாகிட்ட சங்கீதம் படிச்சவங்க, அவரு கர்நாடக சங்கீதத்துல ஊறினவர்.

குரலப் பத்தி சொல்லணும்னா கொஞ்சம் மூக்குலருந்து வர்ற மாதிரி இருக்கும், முதல் தடவை கேக்கும்போது சிலருக்குப் பிடிக்காது. ஆனா 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்துல 'மாசிலா உண்மைக் காதலே' போட்டு ஹெட்போன்ல கேளுங்க. ஏ.எம்.ராஜா குரல் பஞ்சு மாதிரி மெத்துன்னு இருக்கும், இவங்க குரல் வெங்கலக் கிண்ணத்தத் தட்டினா கடைசில ஒரு ரீங்காரம் நிக்குமே அது மாதிரி. ரெண்டும் சேர வேண்டிய குரலே இல்ல, ஆனா சேந்திருக்கு. பாட்டுக்கு நடுவுல அவங்க வார்த்தைய இழுக்குற இடத்துல எல்லாம் மர்ஜியானா (அதுல இவங்க போட்ட வேஷம்) கண்ண உருட்டிக் கேள்வி கேக்குறது காதுலயே தெரியும். அப்பத்தாவுக்குக் கண்ணு தெரியாதுன்னு சொன்னீங்களே, இந்தக் குரலுக்குக் கண்ணு வேண்டாம்மா. நடிப்பையும் சேத்துத்தான் பாடி வச்சிருக்காங்க.

அதே படத்துல 'அழகான பொண்ணு நான்' இருக்கு, அப்பத்தாவுக்கு அது மனப்பாடமாவே இருக்கும். 1956ல வந்த படம், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்தது, தமிழ்ல முதல் முழு நீளக் கலர் படம். 'அம்பிகாபதி'ல டி.எம்.எஸ். கூட 'வாடா மலரே தமிழ்த் தேனே'. 'கள்வனின் காதலி'ல கண்டசாலா கூட 'வெய்யிற்கேற்ற நிழலுண்டு', இது கவிமணி தமிழ்ல குடுத்த உமர் கய்யாம் பாட்டு, நாங்க பள்ளிக்கூடத்துல படிச்சதுதான், ஆனா இவங்க பாடிக் கேட்ட பிறகு அத சும்மா வாசிக்கவே முடியல. கண்டசாலா சினிமாவுல பின்னணி பாட ஆரம்பிச்சதே 1945ல 'ஸ்வர்கசீமா' தெலுங்குப் படத்துல பானுமதி கூடத்தான், அதயும் சொல்லிடறேன்.

எங்க வீட்டுல ஒரு கேசட் இருந்துச்சு, ரெண்டு பக்கமும் பானுமதி பாட்டு, அப்பா இலங்கை வானொலிலருந்து பதிஞ்சது. நடுநடுவுல குக்கர் விசில் கேக்கும், அம்மா கூப்புடுற சத்தம் கேக்கும். டேப்பு சிக்கிக்கிட்டா பென்சில் விட்டுச் சுத்துவேன். இன்னைக்கும் 'லட்டு லட்டு மிட்டாய் வேணுமா' பாட்டு எங்க கேட்டாலும் ரெண்டாவது சரணத்துல குக்கர் விசில் வரணும்னு காது எதிர்பாக்குது. அது 1949ல ஜெமினி எடுத்த 'அபூர்வ சகோதரர்கள்', கமல் படம் இல்ல, எம்.கே.ராதா ரெட்டை வேஷம் போட்டது.

டூரிங்டாக்கீஸ்:
நாடோடி மன்னன் கேள்விக்கு நான் வரேன். 1958, எம்ஜிஆர் சொந்தமா எடுத்து அவரே டைரக்ட் பண்ணின படம், கையில இருந்த காசு பூரா அதுல. முதல் பாதி கறுப்பு வெள்ளை, பிற்பாதி கலர். பானுமதி மதனாவா வருவாங்க. எடுத்த காட்சியத் திரும்பத் திரும்ப எடுத்துக்கிட்டே இருந்ததுல ரெண்டு பேருக்கும் ஒத்துவரல, இவங்க விலகிட்டாங்க, அதனால கதையில மதனாவ பாதியில சாகுற மாதிரி மாத்திட்டு சரோஜாதேவிய வச்சுப் படத்த முடிச்சாங்க. ஊரே அவரத் தலைவர்னும் வாத்தியார்னும் கூப்புட்ட காலத்துல இவங்க மட்டும் மிஸ்டர் ராமச்சந்திரன்னு கூப்புடுவாங்கன்னு சினிமாக்காரங்க எல்லாரும் சொல்லுவாங்க. உங்க அப்பத்தா சொல்ற திமிர் இதுதான்னு நினைக்கிறேன்.

ஆனா அதோட பகை ஆயிருச்சுன்னு யாராவது எழுதினா நம்பாதீங்க. அதுக்கு அப்புறம் 1960ல 'ராஜா தேசிங்கு' வந்துச்சு, 1963ல 'காஞ்சித் தலைவன்', 'கலை அரசி' ரெண்டும் வந்துச்சு, எல்லாத்துலயும் எம்ஜிஆர் கூட இவங்கதான். கலை அரசில வேற கிரகத்துலருந்து பறக்கும் தட்டுல ஆள் வரும், அந்தக் காலத்துல அப்படி ஒரு படம். அப்புறம் எம்ஜிஆர் முதலமைச்சரா இருக்கும்போது 1985ல சென்னைல இருக்குற அரசு இசைக்கல்லூரிக்கு இவங்கள முதல்வராப் போட்டாங்க. ஒருத்தரோட திறமை மேல மதிப்பு இல்லாம அது நடக்குமா? அவர் இறந்தது டிசம்பர் 24, 1987. பானுமதி இறந்தது டிசம்பர் 24, 2005. தேதி ஒண்ணு.

மிஸ்ஸியம்மா கதையும் சொல்லிடறேன். தெலுங்குல மிஸ்ஸம்மா, விஜயா கம்பெனி, 1955. அதுல கதாநாயகி மேரி வேஷத்துக்கு முதல்ல போட்டது பானுமதியத்தான். நாலு ரீல் வரைக்கும் எடுத்தாச்சு. வரலட்சுமி நோன்பு அன்னைக்கு பூஜைய முடிச்சுட்டு லேட்டா வந்தாங்க, தயாரிப்பாளர் சக்கரபாணி மன்னிப்புக் கடிதம் கேட்டார், நான் எதுக்கு எழுதணும்னு கேட்டுட்டாங்க, அவ்வளவுதான், எடுத்ததெல்லாம் போச்சு. அதே படத்துல சின்ன வேஷம் போட இருந்த சாவித்திரி மேரியா ஆனாங்க. அங்கருந்துதான் சாவித்திரியோட ஏறுமுகம். பின்னாடி பானுமதியே, அதனால நமக்கு ஒரு நல்ல நடிகை கெடைச்சாங்கன்னு சந்தோஷமாத்தான் சொன்னாங்க. பொறாமைப்படாம அப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்?

இன்னொண்ணு, தென்னிந்தியாவுல முதல் பெண் டைரக்டர் பானுமதிதான். 1953ல 'சண்டிராணி', தமிழ் தெலுங்கு இந்தி மூணு பாஷைலயும் ஒரே சமயத்துல எடுத்தாங்க.

பழனி_வாத்தியார்:
தம்பி, சண்டிராணி விஷயம் சரி, ஆனா முதல் பெண் டைரக்டர்ங்கறது சரியில்ல. டி.பி.ராஜலட்சுமி 1936லயே 'மிஸ் கமலா' எடுத்துட்டாங்க. அந்த அம்மாவையும் மறந்துடக் கூடாது, அதனாலதான் திருத்தறேன், வேற ஒண்ணும் இல்ல.

ஆனா சண்டிராணி சாதாரண வேலை இல்லப்பா. அதுல அவங்களே ரெட்டை வேஷம், அவங்களே பாட்டு, அவங்களே டைரக்ஷன், மூணு பாஷைக்கும் என்.டி.ராமாராவ் ஹீரோ. ஒரு ஷாட்ட தமிழ்ல ஓகே பண்ணிட்டு அதே இடத்துல நின்னு தெலுங்குல பேசணும், அப்புறம் இந்தியில பேசணும், அதுக்கும் மேல கேமராவுக்குப் பின்னாடி போய் சரியா வந்துச்சான்னும் பாக்கணும். அப்போ அவங்களுக்கு வயசு 28 கூட ஆகல. படத்துக்கு இசை சி.ஆர்.சுப்பராமன், அவர் 1952ல திடீர்னு காலமாயிட்டார், மிச்சத்த விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் முடிச்சுக் குடுத்தாங்க.

பரணி பிக்சர்ஸ்ங்கறது இவங்க பையன் பேர்ல ஆரம்பிச்ச கம்பெனி, 'ரத்னமாலா'தான் முதல் படம். சாலிகிராமத்துல பரணி ஸ்டுடியோவே வச்சிருந்தாங்க. புருஷன் பி.எஸ்.ராமகிருஷ்ணா டைரக்டர். சந்திரபாபு பாடின 'பம்பரக் கண்ணாலே' எல்லாருக்கும் தெரியும்ல, அது வர்ற 'மணமகன் தேவை' (1957) இவங்க கம்பெனி படம்தான், சிவாஜி ஹீரோ.

செல்வி அம்மா, காதால கேக்கணும்னா நான் சொல்றது ரெண்டே படம். ஒண்ணு 'ரங்கோன் ராதா', 1956, அண்ணாவோட கதை, கலைஞர் வசனம். சொத்துக்காகக் கொழுந்தியாளக் கட்டிக்க ஆசைப்படற புருஷன், கட்டின பொண்டாட்டியப் பேய் புடிச்சவ, பைத்தியம்னு ஊர நம்ப வைக்கிறான். புருஷன் சிவாஜி, பொண்டாட்டி ரங்கம் பானுமதி. அடி வாங்கிட்டு அழுது ஓஞ்சு போற பாத்திரம் இல்ல, வீட்ட விட்டுத் தப்பிச்சு ரங்கூன் வரைக்கும் போறவ. முழுக்க வசனத்துலயே நகர்ற படம், அதனால கண்ணு தெரியலன்னாலும் ஒரு குறையும் இருக்காது. 'தலைவாரிப் பூச்சூடி உன்னை' பாரதிதாசன் பாட்டு நம்ம எல்லாருக்கும் பள்ளிக்கூடத்துப் பாட்டு, அத சினிமாவுல பாடினது பானுமதிதான், இந்தப் படத்துலதான். நான் 34 வருஷம் வாத்தியாரா இருந்தேன், முதல் நாள் அழுதுக்கிட்டு வர்ற பிள்ளைங்களுக்கு அதத்தான் பாடிக் காட்டுவேன்.

ரெண்டாவது 'அன்னை', 1962, ஏவிஎம். அத நீங்களே கேளுங்க, கதை சொல்லல.

அண்ணா இவங்கள நடிப்புக்கு இலக்கணம்னு பாராட்டினவர். அவர் எழுதின 'நல்லதம்பி'லயும் 1949ல என்.எஸ்.கிருஷ்ணன் கூட இவங்கதான் நடிச்சாங்க.

மழைச்சாரல்77:
நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன், யாரும் கோச்சுக்காதீங்க. சாவித்திரியப் பேசுறதுக்குக் காரணம் இருக்குன்னு நினைக்கிறேன். சாவித்திரி ஒரு பாத்திரமா வந்தா சாவித்திரி மறைஞ்சு போயிடுவாங்க. பானுமதி எந்த வேஷத்துல வந்தாலும் பானுமதியாத்தான் தெரிவாங்க, நிமிந்த தலை, ஒரு பக்கமா ஏத்துன புருவம், யாரையும் நம்பாத பார்வை. பொம்மியா வந்தாலும் அதே, மர்ஜியானாவா வந்தாலும் அதே. அது எனக்கு ஒரு குறையாத்தான் படுது. 2018ல 'நடிகையர் திலகம்' வந்ததால மட்டும் சாவித்திரி பேர் இருக்குன்னு சொல்ல முடியாது, எங்க அம்மா அதுக்கு முன்னாடியே சாவித்திரி சாவித்திரின்னு உருகுவாங்க.

கேசட்காலம்:
@மழைச்சாரல்77 நீங்க சொல்றதுல பாதி ஒத்துக்கறேன், பானுமதி பானுமதியாத்தான் தெரிவாங்க, சரி. ஆனா அன்னைக்கு இருந்த படங்கள்ல பொண்ணுன்னா கால்ல விழணும், கண்ணக் கசக்கணும், புருஷன் அடிச்சா வாங்கிக்கணும், அதுக்கு நடுவுல ஒருத்தி நிமிந்து நின்னு எதிர்ல இருக்கறவன் யாரா இருந்தாலும் நேராப் பாத்தான்னா அது குறைன்னு எனக்குத் தோணல, அந்த ஒரு ஆள் வேண்டியிருந்துச்சு. கொட்டகைல மண்ணுல உக்காந்து பாத்த பொம்பளைங்க அதத்தான் பாத்தாங்க. செல்வியோட அப்பத்தாவுக்கு 70 வருஷம் கழிச்சு ஞாபகம் இருக்கறது அதுதானே.

இன்னொண்ணும் இருக்கு. சாவித்திரி வாழ்க்கைல அழறதுக்கு இருக்கு. பானுமதி வாழ்க்கைல நாம அழறதுக்கு ஒண்ணும் இல்ல. தானா ஆசைப்பட்டவரக் கட்டிக்கிட்டாங்க, படம் எடுத்தாங்க, கதை எழுதினாங்க, 80 வயசு வரைக்கும் வாழ்ந்தாங்க. நம்ம ஆளுங்களுக்கு நடிகைன்னா ஒரு சோகக் கதை வேணும், அது இல்லாததால பேசாம விட்டுட்டோம். எனக்கு இதுல ரொம்ப நாளா மனவருத்தம் உண்டு.

ஒங்கோல்_டு_சென்னை:
இந்த இழைய இப்பத்தான் பாத்தேன், எங்க அம்மம்மா ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரங்க அவங்க, அதனால எழுதாம இருக்க முடியல. ஒங்கோல் பக்கம் தொட்டவரம், 1925ல பொறந்தவங்க. 1939ல 'வரவிக்ரயம்' முதல் படம், அப்போ 13, 14 வயசுதான். வரதட்சணைய எதிர்த்து எழுதின நாடகத்தப் படமா எடுத்தாங்க, அதுல கிழவனுக்குக் கட்டி வைக்கப் பாக்கறதால கிணத்துல விழுந்து சாகற காளிந்தி இவங்க. ஹீரோ யாரும் பொண்ணத் தொட்டு நடிக்கக் கூடாதுன்னு அவங்க அப்பா கண்டிஷன் போட்டுத்தான் அனுப்பினாராம்.

அப்படி வளந்த பொண்ணு 'கிருஷ்ண பிரேமா' எடுக்கும்போது அதுல அசிஸ்டென்ட் டைரக்டரா இருந்த ராமகிருஷ்ணாவ விரும்பி, வீட்டுல சம்மதிக்காமலேயே 1943ல கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. அவரு அப்போ சாதாரண சம்பளக்காரர், இவங்க ஸ்டார். கல்யாணத்தோட சினிமா போதும்னு நின்னுட்டாங்க, 'ஸ்வர்கசீமா'வுக்குத்தான் டைரக்டர் பி.என்.ரெட்டி திரும்பக் கூட்டிட்டு வந்தார். கூட்டிட்டு வரலன்னா நாம இங்க உக்காந்து யாரப் பத்திப் பேசிட்டு இருந்திருப்போம்?

தமிழ் ஆளுங்களுக்கு அதிகம் தெரியாதது அவங்க எழுத்து. தெலுங்குல 'அத்தகாரி கதலு'ன்னு மாமியார் கதைகள் எழுதினாங்க. மாமியார்னா கொடுமைக்காரின்னு எழுதறதுதானே வழக்கம், இது அப்படி இல்ல, மடி ஆசாரம் பாக்குற, எதுலயும் மூக்க நுழைக்கிற, ஆனா மனசுல கள்ளம் இல்லாத ஒரு மாமியார். மத்தியானம் சாப்பிட்டு முடிச்சதும் அம்மம்மா ஊஞ்சல்ல உக்காந்து வாசிக்கும், கீழ நாங்க பசங்க எல்லாம் படுத்துக்கிட்டுக் கேப்போம், சிரிப்பு வந்துட்டா புத்தகத்த நெஞ்சுல கவுத்து வச்சுட்டுக் கண்ணத் தொடச்சிட்டு அப்புறம்தான் அடுத்த வரி. அதுக்கு ஆந்திரா சாகித்ய அகாடமி பரிசு கெடச்சுது. வாழ்க்கை வரலாறும் எழுதினாங்க, சினிமா பத்தின சிறந்த புத்தகம்னு அதுக்கு தேசிய விருதே கெடச்சுது.

பாரதிராஜாவோட 'மண்வாசனை'ல காந்திமதி பண்ணின கிழவி வேஷத்த தெலுங்குல 1984ல 'மங்கம்மகாரி மனவடு'ன்னு எடுத்தப்போ பானுமதிதான் பண்ணினாங்க, பாலகிருஷ்ணா பேரன். எங்க பக்கம் இன்னைக்கும் வாய்க்காரக் கிழவிய மங்கம்மான்னுதான் கூப்புடுவாங்க. செல்வி, முடிஞ்சா 'மல்லீஸ்வரி' (1951) பாட்டுகளையும் அப்பத்தாவுக்குப் போடுங்க, பாஷை புரியலன்னாலும் பரவால்ல, அந்தப் படத்த சீனாவுல கூட ஓட்டினாங்க.

வைகைக்கரை_செல்வி:
எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல, இவ்வளவு எழுதுவீங்கன்னு நினைக்கவே இல்ல. பழனி வாத்தியார் ஐயா, நீங்க சொன்ன மாதிரி நேத்து ராத்திரி 'ரங்கோன் ராதா' போட்டோம். போன் சத்தம் பத்தாதுன்னு தம்பியோட ஸ்பீக்கர வாங்கி ஜன்னல் திண்டுல வச்சேன். சிவாஜி பேசினா "இவன் ஆகாதவன்டி, குரலே சொல்லுது பாரு"ன்னு அப்பத்தாவே சொல்லிருச்சு, நான் கதையே சொல்லல. ரங்கத்தப் பேய்னு எல்லாரும் சேந்து சொல்லும்போது அப்பத்தா ஒண்ணும் பேசல, கட்டில் சட்டத்தப் புடிச்சுக்கிட்டே இருந்துச்சு.

'தலைவாரிப் பூச்சூடி' வந்தப்போ நான் பழக்கத்துல கூடவே பாடிட்டேன், ஸ்கூல்ல படிச்சதுதானே. அப்பத்தா என் கையத் தட்டி "பேசாம இரு, அவ பாடட்டும்"னுச்சு. முடிஞ்சதும் திரும்பப் போடச் சொல்லுச்சு. மூணு தடவை போட்டேன். அப்புறம்தான் சொல்லுச்சு, மூணாங் கிளாஸோட நிறுத்திட்டாங்களாம், தம்பிய யாரு தூக்கி வச்சுக்கறதுன்னு. இத்தனை வருஷம் ஒரே வீட்டுல இருந்திருக்கேன், எனக்கு இது தெரியவே தெரியாது. ஸ்லேட்டு ரொம்ப நாள் அடுப்படில பானை மூடியா இருந்துச்சாம்.

இன்னைக்கு 'அன்னை' போடறோம். நான் பாத்த ரெண்டு பிரிண்ட்லயும் சத்தம் கிணத்துக்குள்ளருந்து வர்ற மாதிரி இருக்கு, யாருகிட்டயாவது சத்தம் தெளிவா இருக்குற பிரிண்ட் லிங்க் இருந்தா ராத்திரி ஒம்பது மணிக்குள்ள போடுங்க. அப்பத்தா இப்பவே ஸ்பீக்கர் சார்ஜ் போட்டாச்சான்னு ரெண்டு தடவை கேட்டுருச்சு.

கேசட்காலம்:
செல்வி, தனி மெசேஜ் பாருங்க, அனுப்பிட்டேன். 'பூவாகி காயாகி' பாட்டு வரும்போது சத்தத்த ஒரு புள்ளி கூட்டி வைங்க.